காணாமல் போன அரை மணி

"மேடம், இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணுங்க. போட்டா, என் கவனக்குறைவுலதான் திருட்டு நடந்துச்சுன்னு ஆகும். போடலைன்னா, நானே கூட்டுன்னு போலீசுல எழுதிக் குடுப்பாங்களாம்."

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது கலைமதியின் அலுவலகம். படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்னே இதைக் கொட்டிவிட்டு, சரண்யா வாசலிலேயே நின்றாள். கலைமதி அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தார். காவல் துறையின் சைபர் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்படுவதற்கு மலையாண்டி இருந்தான். விராலிமலையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு இவரிடம் வந்து சேர்ந்தான். கார் ஓட்டுவது அவன் வேலை. எந்த வழக்கிலும் முதல் அரை மணிக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவதும் அவன் வேலை. அது இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை என்பதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"உட்காரும்மா. கடலை எடுத்துக்க. யாரு கையெழுத்துக் கேக்குறது?"

"எங்க கம்பெனி ஓனர் கண்ணன் சாருங்க."

சரண்யாவுக்கு ஊர் கறம்பக்குடிப் பக்கம். புதுக்கோட்டையில் ஆறே பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் நிரல் எழுதுகிறாள். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு அவர்கள் ஒரு வேலை செய்து கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் இரண்டு கிளை. இங்கே இருப்பவர் எழுபது வயதைத் தாண்டிய உடையப்பன். காலமாகிவிட்ட அவருடைய தம்பியின் பிள்ளைகளான சூர்யநாராயணனும் ஜனனியும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். கல்யாணத்தில் மணப்பெண் கழுத்தில் ஏறுகிற கழுத்திரு என்னும் பழைய தங்க நகை இரண்டு கிளைக்கும் பொது. அது இருக்கிற அறையை இரண்டு கிளையும் பார்த்திருக்கத்தான் திறக்க வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். ஒரு கிளை கடல் கடந்துவிட்டதால் கதவுக்கு மின்பூட்டு வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட நேரத்தை நிரலில் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் பூட்டு திறக்கும். எல்லாரும் வீடியோவில் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும்.

"நேரம் குறிக்கிற ஹெல்பர் கோடு முழுக்க நான் எழுதினதுங்க. நேத்துக் காலையில பத்தரைக்குத் திறக்கணும். கோலாலம்பூர்ல அப்ப மதியம் ஒரு மணி. சரியாத்தான் திறந்துச்சு. உள்ள போய்ப் பெட்டியைப் பார்த்தா நகை இல்லை. அப்புறம் பூட்டோட பதிவை எடுத்துப் பார்த்தா, அதுக்கு முன்னாடி எட்டரைக்கே ஒரு தடவை திறந்திருக்கு."

"டைம் ஜோன் கோளாறு!" என்றான் மலையாண்டி. "ரெண்டு மணி நேரம் முன்னாடியே கதவைத் தொறந்து விட்டுருக்கு. எவனோ உள்ள போயி எடுத்துட்டான்."

"எல்லாரும் அதைத்தாங்க சொல்றாங்க." சரண்யா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "ஆனா கணக்கு ஒதைக்குது. மலேசியாவுக்கும் நமக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். என் கோடு தப்புப் பண்ணி, பத்தரைங்கிறதை மலேசியா நேரம்னு எடுத்திருந்தா, இங்க எட்டு மணிக்குத் திறந்திருக்கணும். இல்லை, மறுபக்கம் தப்புப் பண்ணியிருந்தா மதியம் ஒரு மணிக்கு. எட்டரை எங்கிட்டு இருந்து வந்துச்சு? அந்த அரை மணி எங்க போச்சு? கண்ணன் சார்கிட்ட கேட்டா, அரை மணியெல்லாம் யாரு பார்க்கப் போறா, கையெழுத்தைப் போடுங்கிறாரு."

கலைமதி கடலையைக் கீழே வைத்தார். அவரிடம் அது அபூர்வம்.

"உன் கோட்டுல ரெண்டரைன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?"

"இல்லைங்க. ஊர்ப் பேரை மட்டும் குடுப்பேன். எந்த ஊருக்கு எந்தத் தேதியில எவ்வளவு வித்தியாசம்னு உலகத்துக்கே பொதுவா ஒரு அட்டவணை இருக்கு. அது சொல்லும். அந்த வீட்டுப் பெரியவங்க பிறந்த நேரத்தையும் ஏத்தச் சொன்னாங்க, நட்சத்திரப் பிறந்தநாள் பார்க்க. பழைய தேதி கேட்டா அட்டவணை பழைய வித்தியாசத்தைச் சொல்லும். அதையெல்லாம்கூடச் சோதிச்சுத்தான் குடுத்தேன்."

"பூட்டை வேற எப்படித் திறக்கலாம்?"

"நெட் இல்லாதப்ப உதவட்டும்னு, பூட்டுலயே பொத்தானை அமுக்கி நேரம் வைக்கலாம். அதுக்கு ஒரு ரகசிய எண் இருக்கு. எப்படித் திறந்தாலும் பதிவுல நேரம் மட்டும்தான் வரும். பூட்டு மாட்டின அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தான் சொல்லிக்குடுத்தேன். பெரியவர் இருந்தாரு, வீட்டைப் பார்த்துக்கிற ஐயனார் அண்ணன் இருந்தாரு, ஜனனியக்காவும் அவங்க அண்ணனும் வீடியோவுல இருந்தாங்க." சரண்யா சற்றுத் தயங்கினாள். "அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம இன்னொண்ணும் சொன்னேங்க. இதுல ஒரே ஒரு பயம்தான், நேர வித்தியாசக் கணக்கு தப்பினா அந்த அளவுக்குக் கதவு முன்னாடியோ பின்னாடியோ திறந்துரும்னு."

"வண்டியை எடு மலையாண்டி" என்றார் கலைமதி.

திருமயம் சாலையில் மலையாண்டி காரை ஓட்டிய ஓட்டத்துக்கு இரண்டு லாரிக்காரர்கள் அவன் பரம்பரையை விசாரித்தார்கள். பின்னிருக்கையில் சரண்யா கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் வேகத்தைக் கூட்டினான். ஊரில் கடலைக் காட்டை விற்காமல் மகளைப் படிக்கவைத்ததாக அவள் வழியில் சொன்ன அப்பா, இன்றைக்கு அவளுக்கு நேர்ந்தது எதுவும் தெரியாமல் காட்டில் நிற்பார் என்று நினைத்துக்கொண்டான்.

வீடு ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீண்டு கிடந்தது. பக்கவாட்டு ஓட்டுக் கொட்டகையின் முன்னால் ஒரு தகரப்பெட்டி கவிழ்ந்திருந்தது. சட்டைகளும் பிள்ளைகளின் போட்டோக்களும் மண்ணில் கிடந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயனாருங்களா? யாரு இப்படிக் கொட்டினது?" என்று கேட்டார் கலைமதி.

"ஐயாதாங்கம்மா சோதனை போடச் சொன்னாரு. போட்டுக்கட்டும். மடியில கனமில்லை." சொன்னாரே தவிர, அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பதினெட்டு வருசமா இந்த வீட்டுல இருக்கேன்."

"நேத்துக் காலையில எட்டரைக்கு எங்க இருந்தீங்க?"

"கொல்லையில தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு. யாரும் பார்க்கலைங்க. மகன் துபாயில இருந்து கூப்பிடுவான்னு போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவனுக்கு ஏழு மணின்னா நமக்கு எட்டரை."

மலையாண்டியின் காது விடைத்தது. எட்டரை! கலைமதி அவனைப் பார்க்காமலே கையமர்த்தினார்.

"தினம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"விடியக்காலம் ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுருவேங்கம்மா. அப்ப உள்ள ஐயாவோட கடிகாரம் எட்டு அடிக்கும்."

மலையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கடிகாரத்தை நம்பினா மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலயே முடிச்சிரலாம் போலயே."

"அது மலேசியா ஈப்போவுல இருந்த ஐயாவோட கடையில இருந்து வந்ததுங்க. ஐயாவைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் ஐயனார்.

வளவு என்னும் உள்முற்றத்தின் தூண்களைத் தாண்டி, உடையப்பன் தன் பக்கத்துக் கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு கொத்துச் சாவி. எதிரே முந்தாநாள் இரவு வந்து இறங்கியிருந்த ஜனனி. ஒரு ஓரத்தில் கண்ணன், மடித்த தாளும் பேனாவுமாக நின்றிருந்தார். சரண்யாவைப் பார்த்ததும் பேனாவைத்தான் முதலில் நீட்டினார்.

"அஞ்சுக்கு இன்னும் நேரம் இருக்கே" என்றார் கலைமதி.

"எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றார் உடையப்பன். "மெஷின் தப்புப் பண்ணிருச்சு. அதை எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. நஷ்டம் எங்களுக்குத்தான். நாங்க என்ன அந்தப் பிள்ளையைத் தூக்குலயா போடப் போறோம்?"

"நகையை நேத்து எதுக்கு எடுக்க இருந்தீங்க?"

ஜனனி பதில் சொன்னாள். "எங்க அண்ணன் மக கல்யாணம் கோலாலம்பூர்ல வச்சிருக்கோம். அதுக்கு நான் கையோட கொண்டுபோகணும். எட்டரைக்கு நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன். பெரியப்பா முகப்புல பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்திருக்காங்க. பத்தரைக்கு எல்லாரும் சேர்ந்துதான் உள்ள போனோம். பெட்டி காலின்னதும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பெரியப்பாவுக்குத் தண்ணி எடுக்க இங்க ஓடி வந்தா, அந்தக் கடிகாரம் நின்னு கிடக்கு. பாருங்க, பத்து முப்பத்தெட்டு. நாங்க பெட்டியைத் திறந்த அதே நேரம். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

சுவரில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு தேக்கு மரக் கடிகாரம். அதன் கீழ்ப்பாதி மூடிய மரப்பெட்டி. மேலே ஒரு கடையின் பழைய புகைப்படம். முட்கள் பத்து முப்பத்தெட்டில் நின்றிருந்தன. உடையப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கடிகாரத்துக்குச் சாவி குடுக்கலையாங்கய்யா?" என்று கேட்டார் கலைமதி.

"மனசு சரியில்லை."

"தம்பி பிள்ளைகளோட அடிக்கடி பேசுவீங்களா?"

"அவங்க கூப்பிட்டாப் பேசுவேன். நானாக் கூப்பிடுறதில்லை. அங்கிட்டு அவங்க என்ன வேலையில இருக்காங்களோ."

ஜனனி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மலையாண்டியும் பார்த்தான். அவன் போனில் மூன்று ஐம்பது. அவள் கைக்கடிகாரத்தில் ஆறு இருபது. அவ்வளவுதான், அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கலைமதியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, அந்தம்மாதான். கையில இன்னும் மலேசியா நேரம் ஓடுது. நகையைத் தனியா அமுக்கிட்டு, பழியை மெஷின் மேல போட்டுருக்கு. நேர வித்தியாசம் இங்க வேற யாருக்குத் தெரியும்?"

"அவங்க வாட்ச்ல எவ்வளவு கூட ஓடுது?"

"ரெண்டரை மணி."

"சரி. ஐயனாரையும் உள்ள கூப்பிடு. சரண்யா, கோலாலம்பூருக்கு வீடியோ போடும்மா."

எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். ஐயனார் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். கலைமதி அவரை உள்ளே வரச் சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினார். ஜனனியின் போனில் சரண்யா போட்ட வீடியோவில் சூர்யநாராயணனின் முகம் தெரிந்தது. கண்ணன் மணியைப் பார்த்துப் பார்த்து நின்றார். சரண்யா சுவரோரம், கைகள் இரண்டையும் கோத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்" என்றார் கலைமதி. "எட்டரைக்குக் கதவைத் திறந்தது இந்தப் பொண்ணோட கோடு இல்லை. அது தப்புப் பண்ணியிருந்தா எட்டுக்குத் திறந்திருக்கும், இல்லைன்னா ஒரு மணிக்குத் திறந்திருக்கும். எட்டரை அதோட கணக்குலயே வராது. அப்ப ஒரு மனுசன்தான் பூட்டுப் பொத்தானை அமுக்கி எட்டரைன்னு வச்சிருக்கணும். இப்ப நான் கேக்குறது, எதுக்கு எட்டரை? யாரும் அந்தப் பக்கம் வராத நேரம் எத்தனையோ இருக்கு. ரகசிய எண் தெரிஞ்சவர் ராத்திரியிலகூட வச்சிருக்கலாம்."

கண்ணன் மறுபடியும் மணியைப் பார்த்தார். கலைமதியே தொடர்ந்தார்.

"மெஷின் தப்பு மாதிரி தெரியணும், அதுக்குத்தான். நேரக் கணக்கு தப்பினா அந்த அளவுக்குக் கதவு முன்னாடி திறக்கும்னு சரண்யா இந்த வீட்டுலயே சொல்லியிருக்கா. அதைக் கேட்ட ஒருத்தர், பத்தரையில இருந்து மலேசியா வித்தியாசத்தைக் கழிச்சாரு. கழிச்சா எட்டு வரணும். அவருக்கு எட்டரை வந்துச்சு. அப்படின்னா அவர் மனசுல மலேசியா ரெண்டரை மணி தள்ளி இல்லை. ரெண்டே மணி தள்ளித்தான் இருக்கு."

"யாரு அப்படி இருப்பா?" என்றாள் ஜனனி. "எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூட ரெண்டரைன்னு தெரியுமே."

"அதனாலதான் நீங்க இல்லை" என்றார் கலைமதி. மலையாண்டி தரையைப் பார்த்தான். "உங்க கையில ஓடுறதே ரெண்டரை. ஐயனாரும் இல்லை. அவருக்கு வெளிநாட்டு நேரம்னா துபாய் ஒண்ணுதான். மகனுக்கு ஏழுன்னா நமக்கு எட்டரைன்னு ஒன்றரை மணிக் கணக்குல நிக்கிறாரு. சரண்யா, பழைய தேதிக்குப் பழைய வித்தியாசம்னு சொன்னியே. கோலாலம்பூருக்கு அது எவ்வளவு?"

சரண்யா ஒரு கணம் விழித்தாள். பிறகு அவள் கோத்திருந்த கைகள் தாமாகப் பிரிந்தன. "ரெண்டு மணிங்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ஜனவரி ஒண்ணாந் தேதி அங்க கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வச்சாங்க. அதுக்கு முன்னாடி நமக்கும் அவங்களுக்கும் சரியா ரெண்டே மணிதான். நானே அதுக்குச் சோதனை எழுதினேன். ஐயா அங்க பிறந்த நேரத்தை வச்சுத்தான்..."

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கூடத்தில் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"ஈப்போவை விட்டு எந்த வருசம் வந்தீங்கய்யா?" என்று மெதுவாகக் கேட்டார் கலைமதி.

போனுக்குள்ளிருந்து சூர்யநாராயணன்தான் சொன்னார். "எழுபத்தொன்பதுல. தாத்தா இறந்ததும் கடையை மூடிட்டு வந்தாங்க."

"அந்தக் கடிகாரமும் கூட வந்துச்சு. அன்னையில இருந்து அது ஈப்போ நேரத்துக்குத்தான் ஓடுது. நமக்குக் காலையில ஆறுன்னா அது எட்டு அடிக்கும். ஐயனார் தினம் கேக்குறாரு. ஆனா அங்க இருக்கிற ஊரே நேரத்தை மாத்திக்கிட்டது இந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. ஐயாவுக்கும் தெரியவேண்டி வரலை. அவர் யாரையும் கூப்பிடுறதில்லை. பத்தாததுக்கு, சரண்யாவோட கோடு அவங்கவங்க ஊர் நேரத்தை அவங்கவங்களுக்குக் காட்டிருது. ஐயா கூட்டிக் கழிச்சுப் பார்க்கவேண்டிய அவசியமே வரலை, நேத்து வரைக்கும்."

மலையாண்டிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வாயை அடக்க முடியவில்லை. "அக்கா! கடிகாரம் ரெண்டு மணி கூட ஓடுதுன்னா, அது பத்து முப்பத்தெட்டுல நின்னப்ப நமக்கு மணி..."

"எட்டு முப்பத்தெட்டு. கதவு திறந்து எட்டு நிமிசம். பெட்டி காலின்னு பார்த்த நேரத்துல அது நிக்கலை. பெட்டியைக் காலி பண்ணின நேரத்துலயே நின்னுருச்சு." கலைமதி கையை நீட்டினார். "பெண்டுலம் ஆட முடியாம உள்ள ஏதோ தடுக்குது. கடிகாரச் சாவியைக் குடுங்கய்யா."

உடையப்பன் கொடுக்கவில்லை. அவர் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. கண்ணன் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். பெரியவர் எழுந்தார். தானே கடிகாரத்தின் கீழ்க்கதவைத் திறந்தார். உள்ளே சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பொதி, பெண்டுலத்தோடு ஒட்டிச் செருகியிருந்தது. துணி விலகிய இடத்தில் கழுத்திருவின் தங்கம் தெரிந்தது.

"பெரியப்பா!" என்றாள் ஜனனி.

"வித்துத் திங்க எடுக்கலை" என்றார் உடையப்பன். பொதியை மார்போடு அணைத்திருந்தார். "அங்கிட்டுப் போன எதுவும் இங்கிட்டுத் திரும்பினதில்லைம்மா. எங்கப்பச்சி, உங்க தாத்தா, போனாக, சாம்பலாத்தான் வந்தாக. எங்கூட ஊருக்கு வந்த தம்பி மறுபடியும் போனான், ஒரேயடியாப் போயிட்டான். இப்ப இதையும் அனுப்பச் சொல்றீக. இதுவும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாருக்குக் காவல் இருக்குறது?"

"அதை எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே பெரியப்பா" என்றார் சூர்யநாராயணன். அவர் குரலில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக வருத்தமும் இருந்தது.

"கேட்டீகளா? நேரத்தைக் குறிச்சு அனுப்புனீக. சரின்னு அமுக்குறதுக்கு ஒரு பொத்தான் இருந்துச்சு. வேண்டாம்னு சொல்ல எங்க அமுக்குறதுன்னு எனக்குத் தெரியலை."

சரண்யா சுவரை விட்டு முன்னால் வந்தாள். இந்த இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்தது அவள் முகத்தில் ஏறியிருந்தது.

"ஐயா, அந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டிருந்தா இனி எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது. எங்கப்பா ஊருல தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அது உங்களுக்குத் தோணலைங்களா?"

உடையப்பன் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "பழி மெஷின் மேல போகும்னு நினைச்சேன் ஆத்தா. மெஷினுக்குப் பின்னால ஒரு பிள்ளை இருக்கும்னு நினைக்கலை."

"என் பெட்டியைக் கொட்டச் சொன்னப்ப அதுக்குப் பின்னால நான் இருந்தேனுங்கய்யா" என்றார் ஐயனார். நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் சொன்னார்.

பெரியவருக்கு அந்த அடி பட்டது. பொதியை ஜனனி கையில் கொடுத்துவிட்டு, ஐயனாரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். அப்புறம் சரண்யாவைப் பார்த்தும் கூப்பினார். "இந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை" என்று போனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். கண்ணன் தன் கையிலிருந்த தாளைச் சத்தமில்லாமல் நாலாகக் கிழித்தார். சரண்யா அந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "எதுக்கும்மா?" என்று அவர் கேட்டதற்கு, "ஒட்டிப் பார்க்குறதுக்கு இல்லை சார். ஞாபகத்துக்கு" என்றாள். அந்தக் கம்பெனியில் அவள் இனி அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று மலையாண்டிக்குத் தோன்றியது.

கல்யாணத்துக்கு நகையோடு பெரியப்பாவும் வர வேண்டும், நகையோடு அவரே திரும்பி வரட்டும் என்று சூர்யநாராயணன் சொன்னார். டிக்கெட்டை இப்போதே போடுவதாக ஜனனி சொன்னாள். உடையப்பன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்துக்கு முன்னால் போய் நின்றார். தடை நீங்கிய பெண்டுலத்தை ஒரு விரலால் தள்ளினார். அது ஆடத் தொடங்கியது.

மணி நாலு இருபது. நாற்பது வருடத்துக்கு மேலான பழக்கத்தில் அவர் கை பெரிய முள்ளைச் சுற்றிக்கொண்டே வந்தது. வழியில் மணிகள் ஒவ்வொன்றாக அடித்து ஓய்ந்தன. ஆறு இருபதில் கை தானாக நின்றது.

"ஏத்தா," என்றார் திரும்பாமலே. "இப்ப அங்க மணி என்ன?"

சரண்யா உடனே சொல்லிவிடவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் போனை எடுத்துப் பார்த்தாள்.

"ஆறு அம்பதுங்கய்யா."

அவர் முள்ளை மேலே தள்ளினார். அது ஆறரையைத் தாண்டும்போது கடிகாரம் ஒரே ஒரு தடவை அடித்தது. ஆறு ஐம்பதில் கையை எடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.